சோப்புக் கம்பெனி வைத்த பலகை

தென்காசி,
ஆவணி, 1961.

அன்பும் மரியாதையும் உள்ள வல்லிநாயகம் அத்தான் அவர்களுக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன். ஆபீஸில் தினமும் கத்திக்கொண்டுதானே இருந்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே பேசியது சாரல் சோப் கம்பெனியின் மானேஜர். உங்கள் மச்சினன் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்விடம் நானும் மனைவியும் பிள்ளைகளும் சுகம். அவ்விடத்துச் சுகத்தை விசாரிக்க வேண்டியதில்லை. எதிர்வீடு ஆகையால் நீங்கள் தும்மினால் இங்கே கேட்கிறது. அக்காள் ஆவுடையம்மாளின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்க நினைத்தேன். அதையும் இன்று காலை அவளே வாசலில் நின்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள்மேல் எனக்குள்ள வருத்தங்களை எல்லாம் எழுதினால் கவர் கனத்துப்போய் அபராதம் உங்கள் தலையில் விழும். பெரிய மருமகள் கல்யாணத்தில் தாய்மாமனாகிய என்னை இரண்டாம் பந்தியில் லாரி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததை விட்டுவிடுகிறேன். அந்த டிரைவர் எனக்கு முன்னால் பாயசம் வாங்கியதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் என் அப்பா போன பிறகு என்னைப் பாளையங்கோட்டையில் காலேஜில் சேர்த்து, பொருளாதாரம் படிக்க வைத்து, பி.ஏ. பட்டத்தோடு திரும்பிவந்ததும் மானேஜர் நாற்காலியில் உட்கார வைத்தீர்களே, அதை இன்றுவரை ஒருநாளாவது நீங்கள் சொல்லிக்காட்டியது உண்டா? ஒரு தடவை சொல்லிக்காட்டியிருந்தால் நான் கோபித்துக்கொண்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறியிருப்பேன். அதற்கும் வழி வைக்காமல் செய்துவிட்டீர்கள். இந்த வருத்தம் மட்டும் எனக்கு ஆறவே ஆறாது.

மாடத்தி வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. அருவியில் கூட்டம், கூட்டத்தின் கையிலெல்லாம் நம்முடைய சோப்பு, சோப்புக் காகிதத்திலே அருவியில் நுரையோடு குளிக்கும் பெண்ணின் படம். அந்தப் படம் என் யோசனை. ஆபீஸில் நாம் எல்லோரும் சந்தோஷமாக இருந்த வேளையில், அருவிக்குக் கீழே வாய்க்கால் ஓரத்தில் குடியிருக்கும் அந்த அம்மாள் ஒரு பித்தளைச் சட்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்றாள். கஞ்சி. நீங்கள் குனிந்து மோந்தீர்கள். உங்கள் முகம் மலர்ந்தது. "ஏ மாப்ளே, நம்ம சரக்குல்லா! இத்தன தூரம் தண்ணியில வந்தும் வாசம் போவலியே, பாத்தியா!" என்று என்னைப் பார்த்துப் பூரித்தீர்கள்.

"வாசத்துக்கு ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. கஞ்சிக்குத்தாம் கொற. வாய்க்காத் தண்ணியிலதான் காய்ச்சுதோம். எம் பிள்ள வாய வைக்க மாட்டேங்கான். இது குளிக்கவா, குடிக்கவான்னு கேக்கான்" என்றாள் மாடத்தி. சண்டை போட வந்தவள் போல அவள் பேசவில்லை. வாங்கின புடவையில் சாயம் போய்விட்டது என்று கடைக்காரரிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். சட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். நீங்கள் அன்று முழுவதும் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். மறுநாள் வந்து, "மாப்ளே, விக்குதது நாம. அப்பம் நாமதாம் சொல்லணும்" என்றீர்கள். என்ன சொல்லணும் என்றேன். "அருவியில போடாதன்னு சொல்லணும்" என்றீர்கள்.

அன்று ராத்திரியே நான் நான்கு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஒரு கம்பெனியின் தருமம் அதன் லாபத்தில் இருக்கிறது. ஊர் நன்மைக்கு ஊராட்சி இருக்கிறது. நாம் நல்ல சோப்பைச் சரியான விலைக்கு விற்று, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, சர்க்காருக்கு வரி கட்டினால் நம் கடமை தீர்ந்தது. அதற்கு மேலே செய்வது பிறத்தியார் வேலையில் தலையிடுவது, முதலுக்கே மோசம் என்று தெளிவாக எழுதியிருந்தேன். என் ஆயுளில் நான் எழுதிய நல்ல கட்டுரை அது. நீங்கள் அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பின்புறத்தில், 'அருவியில் சோப்புப் போடாதீர்கள். கீழே குடிக்கிறார்கள். இப்படிக்கு, சாரல் சோப் கம்பெனி, தென்காசி' என்று எழுதிப் பெயிண்டரிடம் கொடுத்தனுப்பினீர்கள். அது போதாதென்று, பலகை நட அனுமதி வாங்க ஊராட்சி ஆபீஸுக்கு, எதிர்த்த என்னையே அனுப்பினீர்கள். அங்கே இருந்த அதிகாரி மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஸார், உங்க கம்பெனிக்கு ஆகாத எவனாவது உங்க பேருல எழுதிப் போட்டிருக்கானா?" என்று கேட்டார். இல்லை, முதலாளியே எழுதியது என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து உட்காரச் சொன்னார். கம்பெனி வேலையாக நான் போன இடங்களில் எனக்கு நாற்காலி கிடைத்தது அன்றைக்குத்தான்.

பலகை நட்ட வாரமே, அருவிக்கரையில் துண்டும் எண்ணெயும் சோப்பும் விற்கிற துல்கர்னைன் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "மொதலாளி, எங்களுக்கு வருசத்துல இந்த சீசன் மட்டுந்தான் பொழப்பு. நான் இங்கன ஒக்காந்து சோப்ப விக்கேன். எனக்கு எதுத்தாப்புல நீங்க பலகைய வச்சு போடாதம்பிய. வாங்குதவன் அதக் கொண்டு போயி சட்னி வச்சித் திம்பானா?" என்று கேட்டார். "திங்காண்டாம் வே, வீட்டுல போயிப் போடட்டும்" என்றீர்கள். "வீட்டுல போட அவன் ஊருலயே கட இருக்குல்லா? குத்தாலத்துக்கு வந்து எங்கிட்ட எதுக்கு வாங்குதான்?" என்றார். பதில் இல்லாத கேள்வி கேட்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பது உங்கள் வழக்கம். அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, அவரிடம் இருந்த சோப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். அருவிக்கரைக் கடைகள் ஒவ்வொன்றாகச் சரக்கைத் திருப்பின. டீக் கடைக்காரர் ஒருவருக்குத்தான் அந்த மாதம் நல்ல வியாபாரம்.

சும்மா போடாதே என்றால் எப்படி, போட ஒரு இடம் காட்ட வேண்டாமா என்று அடுத்தபடியாக ஆரம்பித்தீர்கள். அருவிக்கு எட்டத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதன் அழுக்குத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் இறங்க ஒரு குழி. எல்லாம் கம்பெனிச் செலவு. வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லச் சுவர் எழும்பியது. தொட்டியைத் திறந்தது நாம், முதலில் உபயோகித்தது குரங்குகள். குளிக்கிறவர்கள் விளிம்பில் வைத்த வெள்ளைச் சோப்பைத் தேங்காய்ச் சில்லு என்று எண்ணி ஒரு கிழட்டுக் கடுவன் தூக்கிக்கொண்டு போய், வேறு இடம் இல்லாதது போல நம்முடைய பலகையின் மேலேயே ஏறி உட்கார்ந்து கடித்தது. கடித்ததும் வாயெல்லாம் நுரை தள்ளியது. "கொரங்குக்கு வெறி பிடிச்சிட்டு!" என்று ஒருவர் கூவ, ஈரத் துண்டோடு கூட்டம் பஸ் நிற்கும் இடம் வரை ஓடியது. பாதிப் பேருக்கு அந்தத் துண்டும் கூட வரவில்லை. நுரை கக்கும் குரங்கு, அதன் காலடியில் நம் கம்பெனி பெயர். செங்கோட்டை வரைக்கும் செய்தி போய்விட்டது. நீங்கள் என்ன செய்தீர்கள்? கம்பெனியின் பெயர் போயிற்றே என்று கவலைப்பட்டீர்களா? "பாவம், வாயில்லாச் சீவன், வயிறு எரியும்லா" என்று ஒரு வாரம் வாழைப்பழம் வாங்கி அனுப்பினீர்கள். அதை எந்தச் செலவில் எழுதுவது என்று நான் கேட்டேன். "விளம்பரம்னு எழுதிக்க" என்றீர்கள்.

சரி, நாசம் எவ்வளவு என்பதை நேரில் பார்த்து உங்கள் முன்னால் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்ற ஆசையில் நான் பாவூர்சத்திரம் போனேன். அங்கே காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிற வேல்சாமி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "வாங்க அண்ணாச்சி, அந்தப் போடாதே சோப்பு இன்னும் ரெண்டு பெட்டி சேத்து அனுப்புங்க" என்றார். அப்படி ஒரு சோப்பே கிடையாது, அதன் பெயர் சாரல் என்றேன். "பேரு என்னமும் இருந்துட்டுப் போவட்டும். சனங்க அப்படித்தாம் கேக்குதாவ. விக்குதவனே இங்கன போடாதன்னு சொல்லுதான்னா, அவன் சோப்புல கல்லுமாவக் கலக்க மாட்டாம்னு பொம்பளையாளுவ பேசிக்கிடுதாவ" என்றார். அப்படியானால் பலகையால்தான் விற்பனை கூடியதா என்று ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். "ஆமா, பலகதான். அதோட மத்த சோப்பு வரத்து இந்த வருசம் கொறவு. அதோட கத்தரிக்காய்க்கு நல்ல வெல, சனங்க கையில துட்டு இருக்கு. அதோட நம்ம கடையையும் பெருசாக்கிட்டோம்லா" என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அத்தான், எங்கள் காலேஜ் பேராசிரியர், ஒன்றின் விளைவைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மற்றவை எல்லாம் மாறாமல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பார். பாவூர்சத்திரத்தில் எதுவுமே மாறாமல் இருக்கச் சம்மதிக்கவில்லை. குற்றாலத்தில் நட்டம், அதற்குப் பலகையும் காரணம், குரங்கும் காரணம், போன வருஷம் சாரல் சரியாக விழாததும் காரணம். பாவூர்சத்திரத்தில், சுரண்டையில், ஆலங்குளத்தில் லாபம். அதற்குப் பலகையும் காரணம், கத்தரிக்காயும் காரணம். நல்லது செய்கிற கம்பெனிக்கு லாபம் வருமா, அல்லது லாபம் வருகிற கம்பெனிதான் நல்லது செய்யத் துணிகிறதா என்று நான் மூன்று வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டேன். படித்த படிப்பு எதற்கும் உதவவில்லை. ஒருநாள் உங்களிடமே கேட்டேன். "லாபம் வந்தா வரட்டும், வராட்டா போவட்டும். கஞ்சியில சோப்பு மணக்கக்கூடாது மாப்ளே" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டீர்கள். கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக வந்தது.

போன வாரம் மதுரையிலிருந்து ஏஜெண்டு சுந்தரபாண்டியன் காரில் வந்தார். நம்முடைய சரக்கு முழுவதையும் எடுத்து ராமநாதபுரம் வரைக்கும் விற்றுத் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: பலகை இருக்கக்கூடாது, பலகை வைத்தபோது நீங்கள் காகிதத்திலிருந்து எடுத்துவிட்ட அருவிப் படம் பழையபடி வரவேண்டும். "தன்னோட சரக்கப் போடாதேன்னு சொல்ற கம்பெனி உலகத்துலயே ஒங்களதுதான். போற எடத்துல எல்லாம் சிரிக்கிறாங்க" என்றார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் முடியாது என்று சொல்வீர்கள், அதற்குமேல் நான் என்னென்ன எடுத்துச் சொல்லவேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினீர்கள். "மாப்ளே, நீ சொன்னதுதாம் சரி. படிச்சவன் நீ. பட்டறையில காய்ச்சுத பயலுவ வீட்டுலயும் அடுப்பு எரியணும்லா. வெள்ளிக்கிழம ஏஜெண்டு வருதாரு, அவரு முன்னாலயே ஆள விட்டுப் பலகையக் கழத்திருவோம்" என்றீர்கள்.

நீ சொன்னதுதான் சரி என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து கேட்க நான் எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் தெரியுமா? அது வந்தது. வந்ததும் எனக்குக் காய்ச்சல் அடித்தது போல் ஆகிவிட்டது. அன்று மத்தியானம் வீட்டில் தேங்காய்ப்பால் சொதி. இரண்டாவது கவளத்தோடு இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். என் மனைவி, சொதியில்தான் குறை கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்கும் நீங்கள்தான் காரணம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பலகை எப்படி அடித்திருக்கிறது, கழற்றச் சுத்தியல் போதுமா கடப்பாரை வேண்டுமா என்று பார்க்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். சாரல் பூவாய்த் தூவிக்கொண்டிருந்தது. பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அப்போது தலையெல்லாம் நுரையோடு ஒரு பெரிய ஆள் கண்ணை மூடிக்கொண்டு அருவியைப் பார்த்து நடந்து வந்தார். பின்னாலேயே அவர் மனைவி துணி மூட்டையோடு ஓடி வந்தாள்.

"ஏங்க, நில்லுங்க! எழுதிப் போட்டிருக்கது கண்ணுக்குத் தெரியலியா?"

"கண்ணுலதான நுர இருக்கு, எங்கன தெரியும்? நீதாம் படியேன்."

"அருவியில சோப்புப் போடப்பிடாதாம். கீழ குடிக்காவளாம்."

"எவன் எழுதுனான் அத?"

"சோப்புக் கம்பெனிக்காரனே எழுதியிருக்காம்ங்க."

அவர் நின்றுவிட்டார். நுரை வழிய வழியக் கொஞ்சம் யோசித்தார். "அவனே சொல்லுதானா? அப்பம் சரியாத்தாம் இருக்கும். தொட்டி எங்கன இருக்கு? யாராவது கையப் பிடிங்கய்யா, கண்ணு எரியுது" என்று கையை நீட்டினார். பக்கத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. பிடித்தேன். வழுக்கி வழுக்கிப் போகிற அந்தக் கையை இறுகப் பற்றித் தொட்டி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், நானே தண்ணீர் மொண்டு அவர் தலையில் ஊற்றினேன். என் வேட்டி, சட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாம் நனைந்தன. கண்ணைத் திறந்ததும் அவர் என்னைப் பார்த்து, "நீங்க கம்பெனி ஆளா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்ல மொதலாளிகிட்ட வேல பாக்கிய" என்றார். உங்களைப் பற்றி அவரிடம் சொல்ல என்னிடம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! அந்த நேரம் பார்த்து ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. தென்காசிக்குப் பஸ் ஏறிய பிறகுதான் இரண்டாம் பந்தியே நினைவுக்கு வந்தது.

பட்டறை ஆட்களின் அடுப்பைப் பற்றிச் சொன்னீர்கள். நேற்று நான் சொரிமுத்துவை விசாரித்தேன். நம்மிடம் சோப்புக் காய்ச்சுகிறவர்களில் மூத்தவர் அவர்தானே. பலகையை எடுக்கப்போகிறோம், என்ன சொல்கிறீர்கள் என்றேன். "ஐயையோ, எம் மாமியா வீடு அந்த வாய்க்காங்கரையிலல்லா இருக்கு? பலக வச்ச நாள்லேருந்துதான் அங்கன எனக்குக் கோழி அடிக்காவ. அதக் கெடுத்துராதீய" என்றார். ஏஜெண்டால் வரப்போகும் கூடுதல் சம்பளம் வேண்டுமா, கோழி வேண்டுமா என்று நேரடியாகவே கேட்டேன். "ரெண்டும் வேணும் ஸார். ஆனா இருக்கத எடுத்துட்டு இல்லாததத் தராதீய" என்றார்.

ஆகவே அத்தான், பலகை இருக்கட்டும். அதனால் லாபம் வரும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் சாட்சியம் இல்லை. வராது என்று சொல்லவும் இல்லை. ஏஜெண்டு இல்லாவிட்டாலும் பட்டறை நடக்கும். நாம் கார் வாங்கமாட்டோம், அவ்வளவுதான். கார் வாங்கினாலும் நீங்கள் அதில் மாடத்தியையும் குரங்கையும்தான் ஏற்றிக்கொண்டு திரிவீர்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பலகை கழன்று விழுந்தால், அன்றைக்கு நான் ஜெயித்தவனாவேன். எனக்கு அந்த ஜெயம் வேண்டாம். நீங்கள் தோற்றுப்போய்த் துண்டால் முகத்தைத் துடைக்கிறதை என்னால் இன்னொரு தடவை பார்க்க முடியாது.

அக்காளுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு விடாமல் எண்ணெய் தேய்க்கச் சொல்லவும். மருமக்கள் எல்லோரும் படிப்பும் பவிசுமாக நன்றாக இருக்கவேண்டும் என்று குழல்வாய்மொழி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் இருமலைக் கவனித்துக்கொள்ளவும். ராத்திரி இங்கே யாருக்கும் தூக்கம் இல்லை.

பின்குறிப்பு: மேலே எழுதியதை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஆபீஸில் என்னைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். எழுதி முடித்த பிறகு நிதானமாக யோசித்தேன். நான் வேண்டாம் என்று எதிர்த்த காரியங்களை மட்டும்தான் நீங்கள் உருப்படியாகச் செய்திருக்கிறீர்கள். கம்பெனி ஆரம்பித்ததே, வேண்டாம் என்று நான் காலேஜிலிருந்து எழுதியதைக் கேட்காமல்தான். நான் தலையாட்டிய காரியங்கள் எல்லாம், நாம் காய்ச்சிப் பார்த்த அந்தக் கூந்தல் தைலம் உள்பட, பாதியிலே நின்றுபோயின. இப்போது பலகை இருக்கட்டும் என்று நானே வந்து சொன்னால் உங்களுக்கு அதன்மேல் சந்தேகம் பிறந்துவிடும். ஆகையால் வெள்ளிக்கிழமை அந்த மதுரைக்காரர் முன்னால் மேஜையைத் தட்டி, பலகையை இன்றைக்கே எடுத்தாக வேண்டும், லாபமே கம்பெனியின் தருமம் என்று என் பழைய நான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் பேசப்போகிறேன். நீங்கள் வழக்கம்போல என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தை எழுதியது யாரோ ஒரு வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் உங்களை அத்தான் என்று கூப்பிட என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.